விரட்டியவர் பெயர் இல்லாத மரணங்கள்



இந்த நினைவுச் சொற்பொழிவு எந்த அண்ணனின் பெயரால் நடக்கிறதோ, அவர் விட்டுச் சென்றவற்றில் ஒரு பழைய ஃபைல் இருக்கிறது. கவிதைகளைத் தேடி எடுத்து அச்சிட்ட நாங்கள் இந்த ஃபைலைப் பல நாள் பிரிக்கவே இல்லை. பிரித்தபோது உள்ளே இருந்தவை நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களிலிருந்து வெட்டிய நான்கு வரி, ஐந்து வரிச் செய்திகள். எல்லாமே சாலை மரணங்கள். ஏறக்குறைய எல்லாவற்றிலும் இரண்டு தொடர்களுக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார். ஒன்று 'போலீசாரைக் கண்டதும்'. மற்றொன்று 'நிலைதடுமாறி'.

இந்த இரண்டு தொடர்களுக்கும் நடுவே என்ன நடந்தது என்பதை எந்தச் செய்தியும் சொல்வதில்லை. வாகனச் சோதனை நடக்கிறது, போலீசாரைக் கண்டதும் ஒருவர் வண்டியைத் திருப்புகிறார், நிலைதடுமாறி விழுகிறார், சாகிறார். ஜீப் எவ்வளவு தூரம் பின்னால் வந்தது, லத்தி நீண்டதா, சாவியைப் பிடுங்கக் கை பாய்ந்ததா என்பதெல்லாம் அந்த வாக்கியத்துக்குள் கிடையாது. தமிழில் எழுவாய் இல்லாமலே வாக்கியம் அமைக்கலாம் என்று பள்ளியில் படித்தோம். அந்த வசதி இவ்வளவு தூரம் பயன்படும் என்று அப்போது தெரியாது. கடந்த சில ஆண்டுகளாக, கைதானவர்கள் கழிவறையில் வழுக்கி விழுந்து கையில் மாவுக்கட்டோடு நிற்கும் படங்களைப் பார்த்துச் சிரிக்கப் பழகியிருக்கிறோமே, அந்த 'வழுக்கி'க்கும் இந்த 'நிலைதடுமாறி'க்கும் இலக்கணம் ஒன்றுதான்.

துரத்தலில் நிகழும் சாவுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு விடை, கதையை எந்த நிமிடத்திலிருந்து தொடங்குகிறோம் என்பதில் இருக்கிறது. விழுந்த நிமிடத்திலிருந்து தொடங்கினால் அது விபத்து. விரட்டத் தொடங்கிய நிமிடத்திலிருந்து தொடங்கினால் அதற்கு வேறு பெயர் வரும். எங்கிருந்து தொடங்குவது என்று முடிவு செய்யும் அதிகாரம் இதுவரை யாரிடம் இருந்தது என்பதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

முதலில் திருச்சி. 2018 மார்ச் 7, மறுநாள் உலக மகளிர் தினம். தஞ்சாவூர்–திருச்சி நெடுஞ்சாலையில் துவாக்குடி அருகே மாலை நேர வாகனச் சோதனை. கணவன் ஓட்ட, மனைவி பின்னால் உட்கார்ந்து வந்த பைக் நிற்கவில்லை. ஹெல்மெட் இல்லை. போக்குவரத்து ஆய்வாளர் ஒருவர் பைக்கில் விரட்டிச் சென்று, திருவெறும்பூர் அருகே ஓடுகிற வண்டியைக் காலால் உதைத்தார் என்பது குற்றச்சாட்டு. பின்னால் இருந்த பெண் விழுந்து இறந்தார். அவர் பெயர் உங்களுக்குத் தெரியும். அந்தக் குடும்பம் இன்னும் வாழ்ந்துகொண்டிருப்பதால் நாங்கள் இங்கே சொல்லவில்லை. அன்று இரவு ஆயிரக்கணக்கான மக்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். தடியடி நடந்தது. ஆய்வாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார், கைதானார், கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற பிரிவில் வழக்கு வந்தது. முதலமைச்சர் 7 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தார்.

அவர் கர்ப்பிணி என்று முதல் நாள் செய்தி. பிரேதப் பரிசோதனைக்குப் பிறகு அது இல்லை என்று செய்தி. உடனே பேச்சு திசை மாறியது; கர்ப்பிணி இல்லை என்றால் உதைத்தது பரவாயில்லை என்பதுபோல! ஹெல்மெட் போட்டிருந்தால் பிழைத்திருப்பாரே என்றார்கள் சிலர். அன்றைக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் ஹெல்மெட் இல்லாததற்கான அபராதம் 100 ரூபாய். ஆயிரம் ரூபாயாக உயர்ந்தது 2019 திருத்தத்தில்தான். நூறு ரூபாய் வசூலிப்பதற்காக ஒரு பெண்ணின் உயிர் போனது என்று அன்று தெருவில் உட்கார்ந்தவர்கள் போட்ட கணக்கை நாங்கள் அப்படியே ஏற்கிறோம்.

இந்த ஃபைலில் திருச்சியைத் தவிர வேறெதிலும் கைது இல்லை. காரணம் நீதி அல்ல. அது பரபரப்பான சாலை, மாலை நேரம், பார்த்தவர்கள் பலர். பார்த்தவர்கள் கதையை உதையிலிருந்து தொடங்கினார்கள். அதனால் 'நிலைதடுமாறி' என்று எழுத முடியாமல் போனது. இரவு இரண்டு மணிக்கு, காலனிக்குத் திரும்பும் மண் சாலையில் நடந்திருந்தால்?

இப்போது நம் ஊருக்கு வருவோம். திருத்தணி எல்லை ஊர். 1960 ஏப்ரல் 1 வரை நாம் சித்தூர் மாவட்டம். பட்டாஸ்கர் பரிந்துரைக்குப் பிறகுதான் இந்தப் பக்கம் வந்தோம். பொன்பாடி சோதனைச் சாவடியைத் தாண்டினால் நகரி வழி. கஞ்சாச் சோதனை, மணல் சோதனை, செம்மரச் சோதனை, ஆடிக் கிருத்திகை வந்தால் கூட்டச் சோதனை என்று வருடம் முழுவதும் யாராவது நிறுத்திக்கொண்டே இருக்கும் சாலை இது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர அதிரடிப் படை சுட்டுக் கொன்ற 20 தமிழ்த் தொழிலாளர்களில் சிலர், முந்தைய நாள் நகரிப் பக்கம் பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோகப்பட்டவர்கள் என்று தப்பி வந்தவர் சாட்சி சொன்னார். அது துரத்தல் அல்ல, வேறு கதை. ஆனால் எல்லை ஊரில் ஜீப் விளக்கைக் கண்டால் ஒரு கூலித் தொழிலாளியின் வயிற்றில் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிட விளக்கம் தேவையில்லை.

எல்லை ஊர்க்காரர்களாகிய நாம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சட்டப் பிரிவு உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 48ஆவது பிரிவாக இருந்தது, இப்போது பி.என்.எஸ்.எஸ். 45ஆவது பிரிவு. பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க ஒருவரைப் பிடிக்க, போலீஸ் அதிகாரி இந்தியாவின் எந்த இடத்துக்குள்ளும் துரத்திச் செல்லலாம் என்கிறது. வெள்ளைக்காரன் 1898இல் எழுதிய சட்டத்திலும் இதே பொருள்தான். துரத்தலைப் பற்றி நேரடியாகப் பேசும் வரி அது ஒன்றே. எதுவரை துரத்தலாம் என்று சொல்கிறது. எப்படித் துரத்தலாம், எப்போது விட்டுவிட வேண்டும், கூட்டமான தெருவில் என்ன செய்வது, பின்னால் குழந்தை உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது என்று ஒரு சொல்லும் இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். ஹெல்மெட் இல்லாதது பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றமே அல்ல. ஆகவே அந்தப் பிரிவு தரும் அதிகாரமும் ஹெல்மெட் சோதனைக்கு வராது. வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு வீட்டுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டியதுதான் வேலை. 2019 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. ஹெல்மெட் இல்லாதவரைப் பாய்ந்து பிடிக்காதே, துரத்தாதே, கேமராவைப் பயன்படுத்து என்றது. அந்த வழக்கில் ஜாமீன் கேட்டு வந்தவர், நிறுத்த முயன்ற காவலரை வண்டியால் இடித்ததாகக் குற்றம்சாட்டப்பட்ட இளைஞர். அவர் செய்தது தவறு என்பதை வைத்துக்கொண்டே, நிறுத்திய முறையையும் நீதிமன்றம் கேட்டது. இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்க முடியும் என்பதற்காகச் சொல்கிறோம்.

காவல் மரணத்துக்கு நடுவர் விசாரணை கட்டாயம். பழைய சட்டத்தில் 176 (1அ), புதியதில் 196. அதற்குப் போராடியவர்கள் பலர். ஆனால் அங்கே நிபந்தனைச் சொல் 'காவலில்'. துரத்தப்படுகிறவன் இன்னும் காவலில் இல்லை. பிடித்துவிட்டால் அவன் உயிருக்கு அரசு பொறுப்பு. பிடிக்கக் கை நீட்டிய அந்த இடைவெளியில் செத்தால் அவனே பொறுப்பு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புத்தகத்தில் காவல் மரணத்துக்குப் பக்கம் உண்டு, அதிவேகத்தால் இறந்தவர்களுக்குப் பத்தி உண்டு. துரத்தலால் இறந்தவர்கள் அதிவேகத்தால் இறந்தவர்களோடு சேர்ந்துவிடுகிறார்கள். இங்கிலாந்தில் போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கும் தனி அமைப்பு, போலீஸ் துரத்தலில் இறந்தவர்களின் எண்ணிக்கையை ஆண்டுதோறும் தனிப் பத்தியாக வெளியிடுகிறது. அங்கே போலீஸ் நல்லவர்கள் என்று சொல்ல வரவில்லை. எண்ணுகிறார்கள். நாம் எண்ணக்கூட இல்லை.

சாலையில் நடப்பது புதிதாகத் தோன்றினால், தாமிரபரணிக்குப் போங்கள். 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காகவும், சிறையில் அடைக்கப்பட்ட தொழிலாளர்களின் விடுதலைக்காகவும் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குச் சென்ற ஊர்வலம். ஒரு பக்கம் போலீஸ், மறு பக்கம் ஆறு. தடியடியில் சிதறிய மக்கள் ஆற்றுக்குள் இறங்கினார்கள். ஆற்றுக்குள்ளும் விரட்டல் நிற்கவில்லை. 17 பேர் இறந்தார்கள், அதில் ஒரு குழந்தை. ஆர்.ஆர்.சீனிவாசன் எடுத்த 'நதியின் மரணம்' ஆவணப்படம் நம் மன்றத்தில் எத்தனை முறை திரையிடப்பட்டது என்று கணக்கில்லை. நீதிபதி மோகன் ஆணையம் விசாரித்தது. பெரும்பாலோர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்று எழுதி, போலீசை ஏறக்குறைய விடுவித்தது. மூழ்கினார்கள் என்பது மருத்துவ உண்மையாகவே இருக்கட்டும். நுரையீரலில் தண்ணீர் இருந்திருக்கும். ஆனால் ஆற்றில் குளிக்கவா இறங்கினார்கள்? 'மூழ்கி' என்பது தாமிரபரணியின் 'நிலைதடுமாறி'. தார்ச்சாலை என்றால் ஒரு சொல், ஆறு என்றால் இன்னொரு சொல்.

எப்போதும் நம்மிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்று இருக்கிறது. தவறு செய்யாதவன் ஏன் ஓடுகிறான்? நம் வீட்டுப் பெரியவர்களே கேட்கிறார்கள். இதற்கு வரலாற்றில்தான் பதில் இருக்கிறது. 1871இல் வடக்கே தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911 திருத்தத்தோடு சென்னை மாகாணத்துக்கு வந்தது. குறவர்கள், பிரமலைக் கள்ளர்கள், தென்னார்க்காட்டில் வேப்பூர்ப் பறையர்கள் எனப் பட்டியல் நீண்டது. கைரேகை வைக்க வேண்டும், இரவில் ஆஜராக வேண்டும், ஊர் தாண்டச் சீட்டு வேண்டும். சீட்டில்லாமல் சாலையில் நடந்தாலே குற்றம். அந்த மனிதன் எந்தத் தவறும் செய்யாமல் போலீசைக் கண்டு ஓடினான், ஏனென்றால் சாலையில் இருப்பதே அவன் குற்றம். 1947இல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது, 1948இல் வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. சந்தேகிக்கும் கண் அப்படியே இருந்தது. ஓடும் கால் தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வந்தது. பேரனிடம் இப்போது தவணையில் வாங்கிய பைக் இருக்கிறது. லைசென்ஸ் இல்லை, இன்சூரன்ஸ் முடிந்துவிட்டது, வண்டி பறிபோனால் வேலை போகும். அவன் ஓடுகிறான். ஓடியதால் குற்றவாளி ஆகிறான். தமிழில் 'கையும் களவுமாக' என்பார்கள். இங்கே கையும் இல்லை களவும் இல்லை, கால் மட்டும்.

உலகம் முழுக்க இந்தக் கால்கள் ஓடுகின்றன. சிட்னி நகரின் ரெட்ஃபெர்ன் பகுதியில் 2004 பிப்ரவரியில் 17 வயதுப் பழங்குடிச் சிறுவன் சைக்கிளிலிருந்து எறியப்பட்டு வேலிக் கம்பியில் குத்தி இறந்தான். போலீஸ் வண்டி பின்னால் வந்தது. விசாரித்த மரண விசாரணை அதிகாரி, போலீஸ் பின்தொடர்ந்தது, துரத்தவில்லை என்று முடிவு சொன்னார். பின்தொடர்தலுக்கும் துரத்தலுக்கும் நடுவில் ஒரு சிறுவனின் உடல். பாரிஸ் புறநகர் கிளிஷி சூ புவாவில் 2005 அக்டோபர் 27 அன்று, போலீசுக்குப் பயந்து மின் நிலையத்துக்குள் ஒளிந்த மூன்று சிறுவர்களில் 17, 15 வயது இருவர் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். மூன்று வாரம் பிரான்ஸ் எரிந்தது. அவர்கள் உள்ளே போனால் பிழைக்க மாட்டார்கள் என்ற பொருளில் ஒரு காவலர் ரேடியோவில் பேசியது பதிவாகியிருந்தது. பத்தாண்டு கழித்து, 2015 மே மாதம், ரென் நகர நீதிமன்றம் இரண்டு காவலர்களையும் விடுவித்தது. பதிவு இருந்தாலே நீதி வந்துவிடும் என்று நினைக்கும் நம் இளைஞர்களுக்காக இதைச் சொல்கிறோம்.

சமூகவியல் படித்தவர்கள் என்ற முறையில் ஓர் ஆய்வையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் 2001இல் அதிவேகத்துக்காக விரட்டப்பட்ட 19 வயதுக் கறுப்பின இளைஞரின் காரைப் போலீஸ் வண்டி பின்னாலிருந்து இடித்தது. அவர் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். போலீஸ் வண்டியின் வீடியோவைப் பார்த்தால் போதும், யார் மேல் தவறு என்று தெரியும் என்று கூறி, 2007இல் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் போலீஸ் பக்கம் தீர்ப்பளித்தது. பிறகு மூன்று ஆய்வாளர்கள் அதே வீடியோவைச் சுமார் 1,350 அமெரிக்கர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். பெரும்பாலோர் நீதிபதிகள் பார்த்ததைப் பார்த்தார்கள். ஆனால் கறுப்பினத்தவர், வருமானம் குறைந்தவர் போன்றோரில் கணிசமானவர்கள், அந்தத் துரத்தலுக்கு இந்த அபாயம் தேவையில்லை என்று பார்த்தார்கள். ஒரே படம், வேறு வேறு கண். எங்கள் தெருவில் சிசிடிவி மாட்டுங்கள் என்று மனு எழுதும்போது, அதைப் பார்க்கப் போகும் கண் யாருடையது என்பதையும் யோசிக்க வேண்டும்.

எங்கள் தோழர்கள் சிலருக்கு அடுத்து வருவது பிடிக்காது. 2021 நவம்பர் 21 அதிகாலை. திருச்சி மாவட்டம் நவல்பட்டு காவல் நிலையத்துச் சிறப்பு உதவி ஆய்வாளர், ஆடு திருடியவர்களைப் பைக்கில் பல கிலோமீட்டர் விரட்டிப் போய், புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர்ப் பக்கம் வெட்டிக் கொல்லப்பட்டார். கைதானவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். அரசு ஒரு கோடி ரூபாயும் வாரிசுக்கு வேலையும் அறிவித்தது. 2018இல் அந்தப் பெண் விழுந்த திருவெறும்பூருக்கும் நவல்பட்டுக்கும் சிறிது தூரம்தான். அவர் கொலையுண்டதற்குக் கொன்றவர்கள் பொறுப்பு, அதில் இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் நடு இரவில் ஓர் ஐம்பது வயதைக் கடந்த மனிதர் தனியாக, மாவட்ட எல்லை தாண்டி, ஆட்டுக்காக விரட்டிப் போகும் நிலையை உருவாக்கியது யார்? நிறுத்து, திரும்பி வா என்று சொல்லும் விதி இருந்திருந்தால்? 7 லட்சத்தையும் ஒரு கோடியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க நமக்குக் கை துறுதுறுக்கிறது. வைத்துப் பாருங்கள், தவறில்லை. ஆனால் இரண்டு சாவிலும் விதி எழுதாமல் விட்ட கை ஒன்றேதான். கீழே நிற்கும் காவலரை மட்டும் வில்லனாக்கிவிட்டு, இத்தனை வழக்குப் போட்டாக வேண்டும் என்று தினமும் வாக்கி டாக்கியில் எண்ணிக்கை கேட்பவர்களை விட்டுவிட்டால், நாமும் கதையைத் தவறான நிமிடத்திலிருந்து தொடங்குகிறோம்.

புதிய பி.என்.எஸ். சட்டத்தில் 106ஆவது பிரிவைப் பாருங்கள். அலட்சியத்தால் மரணம் என்றால் ஐந்தாண்டு வரை. விபத்து ஏற்படுத்திவிட்டு ஓடிப்போகும் ஓட்டுநருக்குப் பத்தாண்டு என்று இரண்டாவது உட்பிரிவு எழுதினார்கள். 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்ததால் அதை நடைமுறைக்குக் கொண்டுவராமல் வைத்திருக்கிறார்கள். ஓடுகிறவனைப் பற்றி இவ்வளவு யோசித்தவர்கள், ஓட வைப்பவரைப் பற்றி ஒரு உட்பிரிவும் யோசிக்கவில்லை.

கடைசியாக, வீட்டில் நடப்பது. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம். ஊர் வேண்டாம், நிலையத்தின் பெயரும் வேண்டாம். மகன் போய்விட்டான். ஜி.எச். பிணவறை வாசலில் அப்பாவிடம் வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள். உடலைச் சீக்கிரம் தருவதற்கு என்றார்கள். ரைட்டர் எழுதியது: மகன் தானே ஓட்டிவந்து, தானே நிலைதடுமாறி விழுந்தான். அந்த 'தானே' என்ற இரண்டெழுத்தின் விலை என்ன தெரியுமா? மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் கிளெய்ம் போட, வேறொருவர் மேல் தவறு இருக்க வேண்டும். தானே விழுந்தவனுக்கு எதிராளி இல்லை, ஆகவே வழக்கில்லை. பின்னால் உட்கார்ந்து வந்த அவனுடைய நண்பனுக்கும் கால் போனது. சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் குறைந்தபட்ச பாலிசி, அதே பைக்கில் பின்னால் இருப்பவரைக் காக்காது. ஒரே சொல்லால் இரண்டு வீடுகள் வெறுங்கையோடு நின்றன. அந்த அப்பா எங்களிடம் கேட்டது, "நான் கையெழுத்துப் போட்டதாலதான் போச்சாப்பா?" என்று. மகன் சாவுக்கான பழியையும் அவரே சுமந்துகொண்டார். பொறுப்பு மேலிருந்து கீழே வழிந்து கடைசியில் போய்த் தேங்கும் இடம் அதுதான்.

ஆகவே அப்படி ஓர் இரவு வந்தால், தோழர்களே, எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். புகாரை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். எந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார்கள், எந்த வண்டி பின்னால் வந்தது, எவ்வளவு தூரம் வந்தது, யார் பார்த்தார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். விழுந்த இடம் கடைசியில் வரட்டும். டீக்கடை, பெட்ரோல் பங்க், டோல்கேட் ஆகியவற்றின் கேமராப் பதிவுகளை அழியும் முன்பே எழுத்துமூலம் கேளுங்கள். வாங்க மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். இறந்தவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால், சாதி சொல்லித் திட்டியது, அடித்தது எதுவானாலும் அதே புகாரில், அதே இரவில் வர வேண்டும். பிறகு சேர்த்தால் ஜோடித்தது என்பார்கள்.

அண்ணனின் ஃபைல் இனிமேல் மன்ற நூலகத்தில் இருக்கும். செய்தி கண்ணில் பட்டால் வெட்டிக் கொண்டுவந்து சேருங்கள். தேதியையும் நாளிதழின் பெயரையும் ஓரத்தில் எழுத மறக்காதீர்கள். அண்ணன் பாதிச் செய்திகளில் அதை எழுதாமல் விட்டுவிட்டார். எந்த வருடத்துச் சாவு என்று தெரியாமல் நாங்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.